ரெண்டு மணி ஹேண்டோவர்

நீங்களே ஜன்னல் பக்கம் உக்காந்துக்குங்க. இந்த எறக்கத்துல எனக்குக் கீழ பாக்கறது ஆகாது. தலைசுத்தலெல்லாம் இல்லீங்க. பாக்கப் புடிக்காது, அவ்வளவுதான்.

மரம் விழுந்திருக்குதாமா. பர்லியாருக்கு மேல, ரெண்டு வளைவு தள்ளி. கண்டக்டரு அரை மணி நேரங்கறாரு. முன்னாடி நிக்கற லாரிக்காரரு மண்ணும் சேந்து வந்திருக்குது, பொழுதாகும்ங்கறாரு. எதுவா இருந்தாலும் உக்காந்துதான ஆகோணும். வர்க்கி சாப்பிடறீங்களா? சும்மா எடுத்துக்குங்க. நான் வாங்கல, குடுத்து விட்டாங்க.

கோயமுத்தூருங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான், சரவணம்பட்டி. இல்லீங்க, நான் ஊர் பாக்க வரல. குன்னூர்ல ஒருத்தருகிட்ட ஒரு நோட்டு வாங்க வந்தேன். இதா, இதுதான். ஒரு நோட்டுக்கு இவ்வளவு தூரம் வருவாங்களான்னு பாக்கறீங்க. என்ர சம்சாரமும் காலையில அதையேதான் கேட்டா.

பரீட்சைக்குங்க. எனக்குத்தான். சிரிக்காதீங்க, அம்பது வயசாகப் போகுது.

என்ர பேரு வெள்ளிங்கிரி. கம்ப்யூட்டர் கம்பெனின்னா நீங்க வேற என்னமோ நெனப்பீங்க. எங்களுது போன் எடுக்கற வேலை. வெளிநாட்டுல ஒரு கடைக்காரரு, நானூறு கடை வெச்சிருக்காரு. அங்க பில் போடற மிசின் நின்னா, பிரிண்டர் நின்னா, பாஸ்வேர்டு மறந்து போனா எங்களுக்குப் போன் வரும். அதுக்கு ஒரு நம்பர் போட்டு எழுதி வெச்சு, முடிஞ்சா சரி பண்ணிக் குடுப்போம், முடியலீன்னா மேல இருக்கறவங்களுக்கு அனுப்புவோம். எழுதி வெக்கறதுக்கு டிக்கெட்டுன்னு பேரு. பத்து வருசம் நான் போன் எடுத்தேன். அப்பறம் எடுக்கறவங்களுக்கு லீடு ஆனேன்.

லீடுன்னா ஷிப்டுக்கு ஒருத்தர். காலையில ஆறு மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் நான். ரெண்டிலிருந்து பத்து வரைக்கும் ஜெசிந்தா. இப்ப நான் பாத்துட்டு வர்றது அவளைத்தான். ரெண்டு மணிக்கு நான் அவகிட்ட ஒப்படைக்கோணும். சிஸ்டத்துல ஒரு பக்கம் இருக்கும். என்ன பாக்கி, எதைக் கவனிக்கோணும்னு அதுல எழுதி, கீழ பேரு போடோணும். அதுக்கு ஹேண்டோவர்னு பேரு. பெரிய விசயமில்லீங்க. முக்காவாசி நாளு 'பாக்கி ஒண்ணுமில்ல'ன்னுதான் எழுதுவோம்.

இது நடந்து ஆறு வருசமாச்சு. அப்ப எங்க மேனேஜரு ராஜ்மோகன் சார். ஒரு நாளு எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டாரு. ஐட்டில்னு ஒரு பரீட்சை இருக்குதுங்க, எங்க வேலையை எப்படி ஒழுங்கா செய்யறதுன்னு. முதல் படி சுலபம், நாங்கெல்லாம் எப்பவோ எழுதியாச்சு. ரெண்டாவது படி இன்டர்மீடியட். "மார்ச்சுக்குள்ள ரெண்டு பேரும் பாஸ் பண்ணோணும். இனிமேட்டு அது இல்லாதவங்க லீடா இருக்க முடியாது, ஒப்பந்தத்துலயே எழுதியாச்சு"ன்னாரு. பாஸ் பண்ணலீன்னா என்னங்க சார்னு கேட்டேன். "பழையபடி போன் எடுக்கோணும் வெள்ளி. அதுக்கும் உங்க வயசுக்கு எடம் இருக்குமான்னு தெரியல." கோபமா சொல்லலீங்க. சாதாரணமாத்தான் சொன்னாரு.

அந்தப் பரீட்சை எப்படின்னு சொல்றேன் கேளுங்க. எட்டே எட்டு கேள்வி. ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால ஒரு பக்கத்துக்குக் கதை. ஒரு கம்பெனி, அங்க அடிக்கடி மெயில் நின்னு போகுது, ஒருத்தன் மேல ஒருத்தன் பழி போடறான், நீங்க மேனேஜரா இருந்தா என்ன பண்ணுவீங்க? கீழ நாலு பதிலு. நாலும் சரி மாதிரியேதான் இருக்கும். ஒண்ணுக்கு அஞ்சு மார்க்கு, ஒண்ணுக்கு மூணு, ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு சைபர். நாப்பதுக்கு இருபத்தெட்டு எடுத்தாத்தான் பாஸ். இப்படி ஒரு பரீட்சைய நீங்க பாத்திருக்கீங்களா? நாங்க படிச்ச காலத்துல சரின்னா சரி, தப்புன்னா தப்பு.

மூணு நாளு ஒரு ஓட்டல்ல கிளாஸ் வெச்சாங்க. பெங்களூர்ல இருந்து ஒருத்தரு வந்து பாடம் நடத்தினாரு. பதினோரு மணிக்கு சமோசா. எனக்கு அந்த சமோசாதான் ஞாபகம் இருக்குது. அப்பறம் வீட்டுல உக்காந்து மாதிரிக் கேள்வித்தாள் போட்டுப் பாத்தேன். பத்தொம்பது. இன்னொண்ணு போட்டேன், இருபத்தி ரெண்டு. இன்னொண்ணு, மறுபடியும் இருபத்தி ரெண்டு. என்ர சம்சாரம் வசுமதி வெங்காயம் உரிச்சுக்கிட்டே எனக்குக் கேள்விய வாசிச்சா. நாலு பதிலையும் வாசிச்சுட்டு, "ஏனுங்க, எல்லாம் ஒண்ணேதான?"ன்னா. அதுதாண்டி எனக்கும் தெரியல, வாசின்னேன்.

அப்பத்தான் ஜெசிந்தா சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா. அவளுக்கு என்னைவிட ஒம்பது வயசு கம்மி. குன்னூர்க்காரி. வீட்டுக்காரரு அங்க பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல செல்போன் கடை வெச்சிருந்தாரு, அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. இவ மட்டும் பீளமேட்டுல ஆஸ்டல்ல இருந்துக்கிட்டு வாரம் ஒருக்கா ஊருக்குப் போவா. வரும்போது கேரட்டோ, ப்ளம்ஸோ எங்க வீட்டுக்குன்னு ஒரு பை இருக்கும். என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவா. நான் அம்மிணின்னு கூப்பிடுவேன்.

அவ ஷிப்டு ரெண்டு மணிக்கு. எனக்கோசரம் பன்னெண்டரைக்கே வந்துருவா. கேன்டீன்ல உக்காருவோம். அரை மணி நேரம் எனக்குச் சாப்பாட்டு நேரம், அதுல சாப்பிட்டுக்கிட்டே படிக்கறது. இந்த நோட்டு அப்ப எழுதினதுதான். பாருங்க எழுத்த, அச்சடிச்ச மாதிரி. ஒரு நாளு நான் போட்ட தாளைப் பாத்துட்டு சொன்னா: "அண்ணா, நீங்க எட்டுல ஆறு மூணு மார்க்குப் பதிலா எடுத்திருக்கீங்க." அதுக்கு என்ன பண்றது அம்மிணின்னேன். "மூணு மார்க்குப் பதில்ல பொய் இருக்காதுண்ணா. எதையாவது ஒண்ண விட்டிருப்பாங்க. விட்டது என்னன்னு தேடுங்க. நீங்க உங்களுக்கு எது சங்கடமில்லையோ அதை எடுக்கறீங்க."

நல்லாத்தான் சொல்லிக்குடுத்தா. அதை நான் இல்லைங்கல. இருபத்தி நாலு வந்துச்சு. ஒரு தடவை இருபத்தாறு.

பரீட்சை ஒரு சனிக்கெழமைன்னு முடிவாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நாளு, ஒரே எடம். அந்த வாரம் புதங்கெழமைதான் இந்த விசயம் நடந்துச்சு.

விசயம்னா, ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு ஜெசிந்தா சீக்கிரம் வரல. மெஸ்ஸுல சாப்பிட்டது சேரலையாம், ரெண்டு மணிக்கு நேரா வர்றேன்னு மெசேஜ் போட்டுட்டா. எனக்கு ஒரு கேள்வித்தாள் பாக்கி இருந்துச்சு. ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சுல போட்டுப் பாக்கோணும்னு அவதான் சொல்லியிருந்தா, நிறுத்தி நிறுத்திப் போடக்கூடாது. அதனால பன்னெண்டே முக்காலுக்கு ஓரத்துல இருந்த மீட்டிங் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டேன். ஷிப்டு நேரந்தான். ஆனா டெஸ்க்குல ஆளுங்க இருக்காங்க, ஒண்ணும் நடக்கறதில்ல.

மணி ஒன்றரை இருக்கும், போன் எடுக்கற பொண்ணு ஒண்ணு கதவத் தட்டி, "சார், மூணு கடையிலிருந்து கூப்பிட்டாங்க, கார்டு தேய்ச்சா எடுக்க மாட்டேங்குதாம்"னுச்சு. அங்க அது காலையில கடை தொறக்கற நேரம். மூணு கடையிலயும் ஒரே கோளாறுன்னா உடனே பெரிய மணி அடிக்கோணும், மேல இருக்கறவங்க எல்லாத்தையும் எழுப்போணும். அது பாடத்துலயே இருக்குது. நான் அஞ்சாவது கேள்வியில இருந்தேன். தனித்தனியா டிக்கெட்டு போட்டு வையி கண்ணு, வர்றேன்னேன். அது போட்டு வெச்சுது.

ரெண்டு மணிக்கு ஒரு நிமிசம் வெளிய வந்து ஹேண்டோவர் பக்கத்தத் தொறந்து, 'பாக்கி ஒண்ணுமில்ல'ன்னு எழுதிப் பேரு போட்டுட்டு, மறுபடி உள்ள போயிட்டேன். கடைசிக் கேள்வி இருந்துச்சு. ஜெசிந்தா வந்தா, மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு, நல்லா போட்டீங்களாண்ணான்னு கேட்டா. போட்டுட்டிருக்கேன்னேன்.

ரெண்டே முக்காலுக்கு வெளிய ஒரே சத்தம். நாப்பது கடை நின்னு போச்சு. அப்பறம் நூறு. அவ உடனே மணி அடிச்சுட்டா, செய்ய வேண்டியதெல்லாம் வரிசையா செஞ்சா. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது. நான் ரூமுக்குள்ள மார்க்குப் போட்டுக்கிட்டிருந்தேன், அங்க இருந்தே என்ர லேப்டாப்புல ஹேண்டோவர் பக்கத்தத் தொறந்து பாத்தேன். அந்த மூணு டிக்கெட்டு நம்பரு அதுல இல்ல. எழுத விட்டுப் போச்சு. அதச் சேத்து எழுதிட்டேன். 'கார்டு மிசின், மூணு கடை, கவனிக்கவும்'னு. ரெக்கார்டு முழுசா இருக்கோணுங்கறதும் பாடந்தானுங்களே. எழுதிட்டு, மூடிட்டு, பின் வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டேன். ஷிப்டு முடிஞ்சு முக்கா மணி நேரம் ஆச்சுங்களே.

அந்தத் தாள்ல எனக்கு முப்பது வந்துச்சு. முதல் தடவை.

தண்ணி குடிக்கறீங்களா? வண்டி ஒண்ணும் நகரல. அந்தப் பக்கம் ஒருத்தரு எறங்கிப் போயிப் பாத்துட்டு வர்றாரு பாருங்க.

மறுநாளு வியாழக்கெழமை மூணு மணிக்கு விசாரணை. விசாரணைன்னு சொல்லக்கூடாதாம், ரிவ்யூன்னு சொல்லோணும். யாரையும் பழி சொல்லறதுக்கில்ல, என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுக்கறதுக்குன்னு ராஜ்மோகன் சார் ஆரம்பத்துலயே சொன்னாரு. அதுவும் பாடத்துல இருக்குது. நாங்க மூணே பேருதான். மேசை மேல பிரிண்ட் எடுத்த தாளு. அன்னைக்கு ஏசி நெம்பக் குளிரு.

"வெள்ளி, நீங்க ரெண்டு மணிக்கு ஹேண்டோவர் குடுத்தீங்களா?"ன்னு கேட்டாரு. குடுத்துட்டேனுங்க சார்னேன். குடுத்தேனில்லீங்களா? எதைக் குடுத்தீங்கன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அப்பறம் அந்தப் பக்கத்த அவகிட்டத் தள்ளினாரு. "ஜெசிந்தா, இதுல கார்டு மிசின்னு எழுதியிருக்குதே. ரெண்டு மணிக்குப் பாத்திருந்தா முக்கா மணி நேரம் மிச்சமாயிருக்கும். கடைக்காரங்க அதைத்தான் கேக்கறாங்க."

அவ அதை எடுத்துப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. "நான் பார்த்தப்போ இது இருந்த மாதிரி ஞாபகம் இல்ல சார்"னா.

"ஞாபகம் இல்லங்கறது பதில் இல்லையேம்மா. ஒடம்பு சரியில்லாம வந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். கவனிக்காம விட்டிருக்கலாம்."

அவ என்னைப் பாத்தா. நான் ஏசி ரிமோட்டப் பாத்துக்கிட்டிருந்தேன். இருவத்தி ரெண்டுன்னு இருந்துச்சு. ஏத்தி வெச்சா தேவலையேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கலீங்க. நெசமாச் சொல்றேன். பயமும் இல்ல, பாவமும் இல்ல. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்தா காலு இருக்கறதே தெரியாதில்லீங்களா, அந்த மாதிரி.

அவ மறுபடி ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கலாமில்லீங்க? அண்ணா, இது அப்ப இல்லையேன்னு என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன இல்லைன்னா சொல்லப் போறேன்? அதுதான் எனக்கு மனத்தாங்கல். அன்னைக்கிலிருந்தே. பேச வேண்டிய எடத்துல பேசாம இருந்துட்டா.

வெள்ளிக்கெழமை அவளை லீடுல இருந்து எடுத்துட்டாங்க. லீடு இல்லாதவங்களைக் கம்பெனி பரீட்சைக்கு அனுப்பாது, பேரை ரத்து பண்ணிட்டாங்க. சனிக்கெழமை நான் மட்டும் போனேன். பக்கத்து மிசின் காலியாத்தான் இருந்துச்சு. அது அவளுக்குப் போட்ட எடம்தான்னு சொல்ல முடியாது, நெறைய எடம் காலியாத்தான் இருந்துச்சு. முடிச்சதும் அங்கயே மார்க்கு வந்துரும். இருபத்தெட்டு. ஒண்ணு கொறஞ்சிருந்தா போச்சு. அங்க இருந்த பையன் வாழ்த்துகள் சார்னு கை குடுத்தான். ரெண்டு எடத்துல கையெழுத்து வாங்கினான்.

வசுமதி கேசரி கிண்டி வெச்சிருந்தா. தின்னேன். இனிப்பு சரியா இருக்குதான்னு கேட்டா, இருக்குதுன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா கேட்டா சொல்லோணுமில்ல. "ஜெசிந்தா எவ்வளவு?"ன்னா. அவ எழுதலன்னேன். "ஏன்?" ஆபீஸ்ல ஏதோ பிரச்சினைன்னேன். அவளுக்கு ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருந்தா, திங்கக்கெழமை கொண்டு போகச் சொல்லி. நான் எடுத்துட்டுப் போகல. மறந்துட்டேன்னு சொன்னேன்.

ரெண்டு மாசம் அவ போன் எடுத்தா. நான் லீடா இருந்த ஷிப்டுலயே போட்டாங்க. அண்ணான்னு கூப்பிடறது நின்னு போச்சு. சாருன்னும் கூப்பிடல. ஒண்ணுமே சொல்லாம விசயத்த மட்டும் சொல்லுவா. மே மாசம் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா. கடைசி நாளு எல்லாருக்கும் வர்க்கி வாங்கிட்டு வந்தா. எனக்கும் குடுத்தா.

அப்பறம் என்ன, நான் மேனேஜரு ஆனேன். ராஜ்மோகன் சார் சென்னைக்குப் போயிட்டாரு. நல்லாத்தான் இருக்கறேன். ஆறு வருசமும் ஒரே நாளு மாதிரி ஓடிப் போச்சு. இப்பப் பரீட்சையையே மாத்தி, புதுசா வந்திருக்குது. எங்க கம்பெனி அதையும் எழுதோணும்ங்குது. படிக்க உக்காந்தா ஏற மாட்டேங்குது. முந்தி ஏறினது எதனாலன்னு யோசிச்சுப் பாத்தேன். இந்த நோட்டுனால. புதுசுக்கு இது பாதிதான் ஆகும், அது தெரியும். ஆனா இருந்தா தேவலைன்னு பட்டுச்சு. போன் பண்ணினா எடுப்பாளோ என்னமோன்னு நேராவே வந்துட்டேன். இன்னைக்கு லீவு போட்டு.

கண்டுபுடிக்கறது கஷ்டமில்ல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. செல்போன் கடைக்குப் பக்கத்து ரூமையும் எடுத்து, ஆதார், வருமானச் சான்று, கரன்ட் பில்லு, இதெல்லாம் பண்ணிக் குடுக்கறா. கூட்டம் வரிசையா நின்னுச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சா. "வாங்கண்ணா"ன்னா. ஆறு வருசத்துக்கப்பறம் அண்ணான்னு கூப்பிட்டா. உள்ள ஒரு சேர் போட்டா, டீ வரவழைச்சா. அக்கா எப்படி இருக்காங்க, உங்க பாப்பா என்ன படிக்குதுன்னு எல்லாம் கேட்டா. தலை கொஞ்சம் நரைச்சிருக்குது. மத்தபடி அப்படியேதான் இருக்கா.

நோட்டு கேட்டேன். சிரிச்சா. அலமாரியில இருந்து எடுத்துக் குடுத்தா, தேடக்கூட இல்ல. பின்பக்கம் பூரா அவ பொண்ணு வகுத்தல் கணக்கு போட்டு வெச்சிருக்குது, பாருங்க.

எனக்கு அப்பவாச்சும் கேட்டுரோணும்னு தோணுச்சு. அம்மிணி, அன்னைக்கு ரிவ்யூல நீ ஏன் ஒரு வார்த்தையும் பேசலன்னு கேட்டேன். ஆமா, நாந்தான் அவளைக் கேட்டேன்.

அவ டீயக் கீழ வெச்சா. "ரூம்ல இருந்து வெளிய வந்ததும் என் சிஸ்டத்துல அந்தப் பக்கத்தோட ஹிஸ்டரிய எடுத்துப் பார்த்தேன்ணா. ரெண்டு அம்பத்தொண்ணுக்கு உங்க லாகின்ல திருத்தியிருந்துச்சு"ன்னா. கொரலை ஒசத்தல. பக்கத்துல நின்ன அம்மாகிட்ட உங்க ரேஷன் கார்டு குடுங்கன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா. "பிரிண்டும் எடுத்தேன்."

அப்பறம் ஏன் காட்டலன்னேன்.

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு என்னை டெஸ்க்குக்குப் போக வேண்டாம்னுட்டாங்கல்ல. கேன்டீன்ல நாம உக்கார்ற எடத்துலயே உக்காந்திருந்தேன். அண்ணன் எப்படியும் வருவாரு, வந்தா ரெண்டு பேரும் போயி சார்கிட்ட சொல்லிரலாம், எந்த முடிவா இருந்தாலும் பரீட்சை முடிஞ்சு எடுங்கன்னு கேட்டுக்கலாம்னு. அஞ்சு மணி வரைக்கும் இருந்தேன். மறுநாளும் இருந்தேன்."

நான் அன்னைக்கு மூணே முக்காலுக்கே கெளம்பிட்டேனுங்க. நாலு மணிக்கு மேல சத்தி ரோட்டுல பஸ்ஸுல ஏற முடியாது.

"அதுக்கப்புறம்?"னு கேட்டேன்.

"அதுக்கப்புறம் அதைக் கொண்டு போயி நீட்டறதுக்கு எனக்கே கூச்சமா இருந்துச்சுண்ணா. உங்க பேரு அதுல இருந்துச்சு."

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. என்ன வந்துச்சுன்னு கேட்டா தெரியல, ஆனா வந்துச்சு. அப்பன்னு பாத்து ஒரு பெரியவரு ஆதார்ல பேரு தப்பா இருக்குதுன்னு உள்ள வந்துட்டாரு. ஒரு எழுத்து மாறிப் போச்சாம், பென்சன் நின்னுருச்சாம். ஜெசிந்தா இருங்கண்ணான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா. அவருக்குக் கை ரேகை விழவே மாட்டேங்குது. அவ ஈரத் துணியில தொடச்சுத் தொடச்சு வெச்சுப் பாக்கறா. அரை மணி நேரம். நான் டீயக் குடிச்சுட்டேன். நோட்டு கையில இருக்குது. மூணு மணி பஸ்ஸு எதிர்ல நின்னுச்சு. நான் வர்றேன் அம்மிணின்னேன். அவ அந்தப் பெரியவரு வெரலப் புடிச்சுக்கிட்டே திரும்பிப் பாத்து, பக்கத்துக் கடையில சொல்லி இந்த வர்க்கியக் குடுக்கச் சொன்னா. அக்காவுக்குன்னு.

ரெண்டு நாளு உக்காந்திருந்தாளாம். ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க? அதே கட்டடத்துலதான இருந்தேன் வெள்ளிக்கெழமை. நீங்க சொல்லுங்க.

வசுமதிகிட்ட சொன்னதில்லீங்க. யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்பச் சொல்லிப் பாத்தா இவ்வளவுதான்னு இருக்குது.

என்ன, வண்டிய எடுக்கறாங்க? பின்னால போகுதே. என்னங்க கண்டக்டரு, எங்க போறீங்க? ஓ. மண்ணெடுக்க நாளைக்குக் காலையில ஆகுமாமா. எல்லா வண்டியையும் திருப்பச் சொல்லிட்டாங்களாம். அகலமான எடம் பாத்துத் திருப்பி, மறுபடி குன்னூருக்கே போயி, கோத்தகிரி வழியா மேட்டுப்பாளையமாம்.

அப்ப நேராப் போயிருமுங்களா கோத்தகிரிக்கு? பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகாம?

பஸ் ஸ்டாண்டுல நிக்குமா. எவ்வளவு நேரம்? முக்கா மணி நேரமா. அங்க காத்துக் கெடக்கறவங்களையும் ஏத்திக்கோணுமாமா.

இப்ப மணி நாலரை. அஞ்சுக்குப் போயிரும். அவ கடை ஆறரை வரைக்கும் இருக்கும், போர்டுல போட்டிருந்துச்சு.

சரிங்க. பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, நீங்க எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, குளிருது. நான் எறங்கல. ஜன்னல் பக்கம் எனக்குக் குடுத்துட்டுப் போங்க, இல்ல, வேண்டாம், இப்படியே இருக்கட்டும். அந்தக் கண்ணாடிய மட்டும் சாத்திட்டுப் போங்க. உங்க பையை நான் பாத்துக்கறேன்.